மூணு சுழியும் தெரியணும்

சிவகாசியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே 2,000 ஆர்ட் பேப்பரைக் கழிவுக்கு அனுப்பியவள் நான். 2004ஆம் வருடம். ஒரு ஜவுளிக்கடையின் மாதக் காலண்டர். மேலே லட்சுமி, கீழே கடையின் முகவரி, கிளைகள், போன் நம்பர் எல்லாம் ஆறு பாயிண்ட் எழுத்தில். முழு டிசைனையும் போட்டோஷாப்பிலேயே முடித்து, முகவரியையும் அதிலேயே அடித்து, கடைசியில் திரைக்கான ஆர்ஜிபி நிறத்திலிருந்து அச்சின் நாலு மைக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி ஃபிலிம் எடுக்கக் கொடுத்துவிட்டேன். மானிட்டரில் கறுப்பு எழுத்து பளிச்சென்றுதான் இருந்தது.

மெஷினில் ஏறிய பிறகு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மெஷின் ஓட்டும் அண்ணாச்சி ஒரு தாளை மேசையில் விரித்து, தீப்பெட்டி அளவு லென்ஸ் ஒன்றை முகவரியின்மேல் வைத்து, "பாரு தாயி" என்றார். குனிந்து பார்த்தேன். நான் கறுப்பு என்று நினைத்த எழுத்து கறுப்பாக இல்லை. ஒரு ஓரத்தில் நீலம் பிதுங்கியிருந்தது, இன்னொரு ஓரத்தில் சிவப்பு. நடுவில் எல்லாம் சேர்ந்து சேறு. "கண்ணன் தெரு" என்ற வரியில் ஒரு ணகரத்துக்கும் உள்ளே வெள்ளையே இல்லை, அப்படியே அடைந்துபோயிருந்தது.

"கறுப்ப நாலு பிளேட்டுலயும் ஏத்தி வச்சிருக்க. ஒரு நூல் நகர்ந்தா போச்சு. மூணு சுழியும் தெரியணும். இது ணகரமா, கரப்பான்பூச்சியா?"

அச்சில் ஒரு மைக்கு ஒரு பிளேட். சின்ன எழுத்தை கறுப்பு பிளேட்டில் மட்டும் வைக்க வேண்டும், மற்ற மூன்றிலும் பூஜ்யம். எழுத்தை கோரல்டிராவிலோ பேஜ்மேக்கரிலோ அடிக்க வேண்டும், போட்டோஷாப்பில் அடித்துப் படமாகச் சேமித்தால் அது எழுத்தாக இருக்காது, புள்ளிகளாக உடைந்த படமாகிவிடும். இந்த இரண்டையும் அன்று கற்றுக்கொண்டேன். அப்போது என் சம்பளம் மாதம் 1,800 ரூபாய். தாளுக்கான காசை முதலாளி பிடிக்கவில்லை. ஒரு வாரம் என் முகம் பார்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஃப்ளெக்ஸ், கல்யாண ஆல்பம், வீடியோ, பாட அனிமேஷன், மொபைல் ஆப் என்று இருபது வருடம் ஓடிவிட்டது. யாராவது என்னை அறிமுகப்படுத்தும்போது "ஆல்ரவுண்டர்" என்பார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் நான் செய்தது அந்த ணகரத்தின் சுழி அடைபடாமல் பார்த்துக்கொண்டதைத்தான்.

நான் டிசைன் படித்தவள் இல்லை. அகமதாபாத்தில் என்ஐடி என்றொரு டிசைன் கல்வி நிறுவனம் 1961லிருந்து இருப்பதே எனக்குத் தெரிய வந்தது முப்பது வயதுக்கு மேல். சாத்தூரில் பிகாம் அரியர் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தபோது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயரும் ஹையரும் முடித்திருந்தேன். அந்த விரல்தான் வேலை வாங்கித் தந்தது. டிடிபி சென்டரில் அப்போது கேட்ட ஒரே கேள்வி "தமிழ் எவ்வளவு வேகமா அடிப்ப?" என்பதுதான். நிறம், இடைவெளி, அழகு எல்லாம் பிறகு வந்தவை.

சிவகாசியில் காலண்டர் வருடம் ஆடியில் தொடங்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதிலிருந்து மார்கழி வரை இரவு பகல் கிடையாது. பழைய சாமி படங்களின் மூலப் பிரதிகளைத் துணி சுற்றி பீரோவில் வைத்திருந்த அச்சகங்களைப் பார்த்திருக்கிறேன். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் கையால் வரைந்த முருகனும் மீனாட்சியும் பல வீட்டுச் சுவரில் தொங்குவது இப்படி வந்ததுதான். அந்தப் படங்களில் முகத்தில் விழும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு நிழல் போடத் தெரிந்தது.

ஒருமுறை எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். ‘லை’, ‘னை’ எல்லாம் பழைய தும்பிக்கை வடிவத்தில்தான் வேண்டும் என்றார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இருந்த ஃபான்ட் எதிலும் அது இல்லை. கோரலில் ஒவ்வொரு தும்பிக்கையாக வளைத்து வரைந்து ஒட்டினேன். இரண்டு நாள் ஆனது, 150 ரூபாய் கிடைத்தது. லாபமா நஷ்டமா என்று கேட்டால் நஷ்டம்தான். ஆனால் கர்வ் எப்படி வளைகிறது என்பதை எந்தக் கோர்ஸும் அப்படிச் சொல்லித் தந்திருக்காது. பிற்பாடு நான் லோகோவுக்குக் காசு வாங்கியதெல்லாம் அந்த இரண்டு நாளின் வட்டி.

கல்யாணமாகி மதுரைக்கு வந்த 2007இல் எங்கு பார்த்தாலும் ஃப்ளெக்ஸ். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சி, கண்ணீர் அஞ்சலி. அச்சகத்தில் மில்லிமீட்டரில் நினைத்துப் பழகியவளுக்கு இங்கே எல்லாம் அடிக்கணக்கு. முதல் நாளே 20க்கு 10 அடி பேனரை 72 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி என்று, திறந்தேன். 17,280 பிக்சலுக்கு 8,640 பிக்சல். நாலு நிறத்துக்குக் கணக்குப் போட்டால் லேயரே இல்லாமல் கிட்டத்தட்ட 600 எம்பி. கடையில் இருந்தது ஒரு ஜிபி ராம். மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட் பையன் சிரித்துக்கொண்டே, "அக்கா, இதைப் போய் யாரு மூக்குகிட்ட வச்சுப் பாக்கப் போறா? பாதி போதும்" என்றான். படத்தைப் பாதி அடர்த்தியில் வைத்து எழுத்தை மட்டும் கோரலில் அடித்தால் வேலை ஓடுகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதை வைத்துத்தான் அளவே தொடங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நான் செய்த பேனர் ஒன்றை கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 32 பேர் முகம், 32 பெயர். எழுத்துக்கு வெள்ளை அவுட்லைன், அதற்கு வெளியே சிவப்பு அவுட்லைன், அதற்கு மேல் நிழல். சிக்னல் விழுவதற்குள் என்னால் ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை, அடித்தவளே நான்தான். அவுட்லைன் உள்பக்கமாக வளர்ந்து சுழிகளைத் தின்றிருந்தது. அதற்குப் பிறகு அவுட்லைனை எழுத்துக்குப் பின்னால் போட ஆரம்பித்தேன். கோரலில் அதற்கு ஒரு டிக் பாக்ஸ்தான், "பிஹைண்ட் ஃபில்". இன்றைக்கும் பாதி பேர் அதைப் போடுவதில்லை.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்குக் கடைப் பையன் ஒருவரை வீட்டுக்கே கூட்டி வந்தான். அம்மா இறந்துவிட்டார், விடிந்தால் எடுக்கிறார்கள். வாக்காளர் அட்டையைத் தவிர அம்மாவுக்கு வேறு போட்டோ இல்லை. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம், மோவாயில் பாதியை மறைத்தபடி ஹோலோகிராம் ஒட்டு, இடது காது ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. ஆறு அடிக்கு வேண்டும் என்றார். ஸ்கேன் செய்து, கழுத்துத் தோலிலிருந்து எடுத்து மோவாயை நிரப்பி, வலது காதையும் தண்டட்டியையும் நகலெடுத்துத் திருப்பி இடது பக்கம் ஒட்டினேன். இரண்டு மணி ஆகிவிட்டது. எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நல்லா இருக்குங்க. ஆனா அம்மாவுக்கு இந்தப் பக்கம் காது அறுந்திருக்கும். எங்கக்கா சின்னப்பிள்ளையில பிடிச்சு இழுத்துருச்சு."

காதை அறுத்தேன். தண்டட்டியை எடுத்தேன். அந்தப் பக்கம் வெறும் காது தொங்கியது. அவர் அப்போதுதான் அழுதார். இன்றுவரை எந்த முகத்தையும் பாதி எடுத்து மறுபாதியாகத் திருப்பி ஒட்டியதில்லை. வேலையைத் தொடும் முன் தெரிந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தின் முன், பின் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன், காரணம் தெரியாமலேயே. அது பிறகு உதவியது.

ஃப்ளெக்ஸ் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் இறந்தார். உயர் நீதிமன்றம் கண்டித்தது, கட்சிகள் இனி பேனர் இல்லை என்றன. மதுரையில் என்னோடு இருந்த இரண்டு பேருக்கு அந்த மாதமே வேலை போனது. நான் அதற்குள் வேறு பக்கம் வந்திருந்தேன். ஆனால் அந்த ஆறு வருடத்தில் நான் செய்த பேனர்களில் எத்தனைக்கு அனுமதி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பழைய படத்தைச் சரிசெய்வதில் கொஞ்சம் பெயர் வந்ததும் ஒரு ஸ்டுடியோ ஆல்பம் வேலைக்குக் கூப்பிட்டது. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத்தில் கரிஷ்மா ஷீட்டுகள், கல்யாண ஆல்பத்தின் அகலமான பக்கங்கள். ஆல்பம் செய்கிறவளிடம் "வீடியோவுக்கு டைட்டில் போடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லவில்லை. "ரெண்டு நாள் குடுங்க" என்றேன். இதுதான் என் ஒரே தந்திரம். செய்யும் வேலைக்குப் பக்கத்து வேலையை, அதற்குக் காசு தர ஆள் இருக்கும்போது மட்டும் கற்றுக்கொள்வது. நடுவில் ஆசைப்பட்டு 3டி கோர்ஸ் ஒன்றில் 35,000 ரூபாய் கட்டினேன். ஆறு மாதம் டீ கப் செய்தேன். வெளியில் யாரும் டீ கப் கேட்கவில்லை, மறந்துபோனது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, வேலை வந்தபோது மூன்று வாரத்தில் தேவையானதை அதில் கற்றுக்கொண்டேன்.

முதல் டைட்டில் வாடிக்கையாளர் வீட்டு டிவியில் நடுங்கியது. மணமக்கள் பெயரின் மெல்லிய படுக்கைக் கோடுகள் மட்டும் மினுங்கி மினுங்கி ஆடின. என் கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. அந்தக் காலத்து டிவி ஒரு ஃபிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு தவணையில் காட்டும். நொடிக்கு 25 ஃபிரேம், 50 தவணை. ஒரே வரி கனத்தில் கோடு இருந்தால் ஒரு தவணையில் தெரியும், அடுத்ததில் மறையும். ககரத்தின் குறுக்குக் கோடு மெலிசாக இருக்கும் அழகான ஃபான்டுகள் எல்லாம் அங்கே உதவாது. தடித்த ஃபான்ட், ஒரு சொட்டு பிளர், சரியாகிவிட்டது. அண்ணாச்சியின் லென்ஸ் கண்ணாடியாக இல்லாமல் டிவியாக வந்திருந்தது.

டைட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கும் அப்போது ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். நிதானமாக வாய்விட்டு இரண்டு முறை படித்து முடிக்கும் நேரம். செய்தவருக்கு மனப்பாடம், பார்க்கிறவருக்கு அது முதல் தடவை.

2013இல் வீட்டுக்காரருக்குச் சென்னைக்கு மாற்றல். பாட அனிமேஷன் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு நேர்முகத்துக்குப் போனேன். 40 பக்கம் பிரிண்ட் போட்டு ஃபைல் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்த ஆர்ட் டைரக்டர் மேடம் விரலால் தள்ளிக்கொண்டே போய், வாக்காளர் அட்டைப் பாட்டியின் முன்-பின் படத்தில் நிறுத்தினார். "இந்தக் காது ஏன் இப்படி?" என்றார். கதையைச் சொன்னேன். மற்ற 39 பக்கத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வேலை கிடைத்தது. இப்போது என்னிடம் போர்ட்ஃபோலியோ காட்ட வரும் பிள்ளைகளிடமும் இதையேதான் கேட்கிறேன்: நாலு வேலை போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் எது தப்பாகிப் பிறகு சரியானது என்று காட்டு. கண்ணாடிச் சட்டத்துக்குள் போலிப் பிராண்டு லோகோ வைத்த மாக்கப், அதாவது மாதிரிப் படம், முப்பது பார்த்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இதயத்தின் ரத்த ஓட்டம் பற்றிய பாடம். தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று எல்லாவற்றுக்கும் நிறம் போட்டு அழகாக அசைய விட்டேன். சரிபார்க்க வந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா இரண்டே நொடியில் நிறுத்தச் சொன்னார். "நுரையீரல் தமனில என்ன ரத்தம் போகும்மா?" எனக்குத் தெரியவில்லை. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போவது அசுத்த ரத்தம், பெயர் தமனியாக இருந்தாலும் அது நீலமாகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வருவது சிரை, ஆனால் சிவப்பு. அதுவரை நிறம் என்பது கண்ணுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்திருந்தேன். இங்கே நிறம் மாறினால் பிள்ளை பரீட்சையில் தப்பாக எழுதும். அன்று முதல் ஸ்டோரிபோர்டில் ஒவ்வொரு காட்சிக்கும் கீழே "இந்த நிறம் எதைச் சொல்கிறது" என்று ஒரு வரி எழுதுகிறேன்.

அங்கே எல்லா அனிமேஷனையும் அடோபியின் ஃபிளாஷில் செய்தோம். 2017 ஜூலையில் அடோபி, அதில் செய்ததை ஓட்டிக் காட்டும் ஃபிளாஷ் பிளேயரை 2020 கடைசியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. அலுவலகத்தில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. சிலர் மேனேஜ்மென்ட் பக்கம் போனார்கள், ஒருவர் சொந்த ஊருக்கே போய்விட்டார். நான் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற இன்னொரு அனிமேஷன் மென்பொருளில் உட்கார்ந்தேன். பட்டன்கள் வேறு இடத்தில் இருந்தன, அவ்வளவுதான். பந்து தரையைத் தொடும்போது எத்தனை ஃபிரேமுக்கு நசுங்க வேண்டும், கை அசைவு எங்கே தொடங்கி எங்கே தளர வேண்டும் என்பது அப்படியே இருந்தது.

தமிழ்தான் படுத்தியது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் ககரமும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று. அந்த மென்பொருளுக்கு அப்போது இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. நாங்கள் எல்லோரும் பாமினி, வானவில் மாதிரி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய ஃபான்டில் அடித்து ஒப்பேற்றினோம். திரையில் அழகுதான். அதே வசனத்தைச் சப்டைட்டிலாகவும், தேடலுக்கும் எடுக்கப் போனால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண் வைத்திருக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்திருந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்து காணொளிக்குக் கிராக்கி ஏற்பட்டபோதும் எங்களிடம் இருந்த பழைய கோப்புகள் எல்லாம் அந்தக் குப்பையில்தான் கிடந்தன. ஐந்து வருட வசனத்தை மாற்றி, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். ‘ஸ்ரீ’ வந்த இடமெல்லாம் கட்டம்.

இப்போது சேரும் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். எல்லா வசனமும் யூனிகோடில், ஒரு தனி டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கட்டும். பழைய போட்டோஷாப்பாக இருந்தால் டைப் அமைப்புக்குள் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுங்கள், இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. கொம்பு தானாக இடத்துக்கு வந்துவிடும். ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் இன்றும் கொம்பைத் தனி லேயராக நகர்த்திக்கொண்டிருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

மொபைல் ஆப் வேலை 2019இல் வந்தது. சிறு வியாபாரிகள் தினக் கணக்கு எழுதுவதற்கான ஆப். ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு, தமிழாக்கி ஊற்றினால் போதும் என்று நினைத்திருந்தார்கள். ‘சப்மிட்’ இருந்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டதும் இரண்டு பக்கமும் பிதுங்கியது. ‘அனுப்பு’ என்றேன். மரியாதை இல்லை என்றார் ஒருவர். ‘அனுப்புங்கள்’ என்றால் மறுபடி பிதுங்குகிறது. அரை நாள் இந்த ‘ங்கள்’ பற்றிப் பேசினோம். பட்டன் நம்மிடம் பேசவில்லை, நாம்தான் அதனிடம் சொல்கிறோம் என்று சொல்லி ‘அனுப்பு’வைக் காப்பாற்றினேன்.

பிறகு எங்கள் தெருவில் காய்கறி வண்டி வைத்திருக்கும் அக்காவிடம் போனைக் கொடுத்து ஒரு பாக்கித் தொகையைப் பதியச் சொன்னேன். சரியாகப் பதிந்தார். தொகை தப்பு என்று தெரிந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. ‘ரத்து செய்’ என்ற பட்டனைக் காட்டினேன்.

"ரத்துன்னா மொத்தக் கணக்கையும் ரத்து பண்ணிடுமா?"

ரேஷன் கார்டு ரத்து, பட்டா ரத்து என்று மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார். ‘வேண்டாம்’ என்று மாற்றினோம். அடுத்த அக்காவிடம் கொடுத்தபோது விரல் நிற்கவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் மீட்டிங்கைவிடக் காய்கறி வண்டிப் பக்கத்தில் நிற்கும் கால் மணி நேரம் எனக்கு லாபம்.

எழுத்து அங்கேயும் அதே கதை. வரி உயரம் ஆங்கிலக் கணக்கில் எழுத்து அளவைப்போல் 1.2 மடங்கு இருந்தது. ‘வீ’யின் மேல் சுழி மேல்வரியில் இடித்தது, ‘கூ’வின் வால் கீழ்வரியைத் தொட்டது. 1.5, 1.6 வரை ஏற்றினேன். தலைப்பு போல்டில் இருந்தது, விலை மலிவான போனில் திறந்தால் ‘வணக்கம்’ என்ற சொல்லில் ணகரம் அடைந்துவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய கரப்பான்பூச்சி. முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன், நோட்டோ சான்ஸ் என்று இலவசமாகவே நல்ல தமிழ் ஃபான்டுகள் இருக்கின்றன. நாலையும் ஒரே சொல்லில் அடித்து, உங்களிடம் இருப்பதிலேயே மட்டமான போனில் பாருங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் 4.5க்கு 1க்குக் குறையக் கூடாது என்று ஒரு சர்வதேச வரையறை உண்டு. வெயிலில் வண்டி தள்ளுகிறவருக்கு அதுவும் போதாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கல்யாண வேலை, அச்சு வேலை எல்லாம் ஒரே வாரத்தில் நின்றன. நிறுவனத்தில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள், நான் வெளியே வந்து தனியாக எடுத்துச் செய்யத் தொடங்கினேன். வீட்டில் இருந்தபடி பாடம் நடத்த எல்லோருக்கும் வீடியோ வேண்டியிருந்ததால் பிழைத்தேன். ஆனால் காசு விஷயத்தில் நான் சுத்தப் பச்சைப்பிள்ளை. ஒரு வாடிக்கையாளர் "ஒரு சின்ன மாத்தம்தான் மேடம்" என்று 11 முறை மாற்றச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். கடைசி ஃபைலுக்கு ‘ஃபைனல் புதுசு சார் ஓகே சொன்னது 2’ என்று பெயர். அதையும் அனுப்பிய பிறகு போனை எடுக்கவில்லை. 62,000 ரூபாய். இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் போட்ட சட்டம் சின்னது. பாதி முன்பணம் கைக்கு வந்தால்தான் ஃபைல் திறப்பேன். மூன்று முறை மாற்றம் இலவசம், நாலாவதுக்குக் காசு, அதை வாட்ஸ்ஆப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்வேன். மீதிப் பணம் வரும்வரை போவது குறுக்கே பெயர் போட்ட மங்கலான பிரதி மட்டும். இப்படிச் சொன்னதும் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். ஓடியவர்கள் எப்படியும் காசு தந்திருக்க மாட்டார்கள்.

கம்பெனிகள் பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக்கொண்டு தரும். அது போன பணம் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். கணக்குத் தாக்கல் செய்தால் நம் வரிக்கு மேல் பிடித்தது திரும்பி வரும் என்று ஆடிட்டர் சொன்னபோது, அந்தப் பழைய வருடங்களை நினைத்து வயிறு எரிந்தது. சேவைக்கு வருடம் 20 லட்சம் வரவு தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அந்தக் கவலை வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

வலது மணிக்கட்டு 2021இல் பிடித்துக்கொண்டது. பேனா டேப்லெட்டுக்கு மாறினேன், மவுஸை இடது கைக்குப் பழக்கினேன். மானிட்டருக்குக் கொட்டிய காசில் பாதியை நாற்காலிக்குப் போட்டிருக்கலாம்.

போன மாதம் ஒரு ஓட்டல்காரர் வந்தார். இளைஞர், நல்ல பையன். ஏஐயில் தானே போஸ்டர் செய்து கொண்டுவந்திருந்தார். ஆவி பறக்கும் இட்லி, பித்தளைத் தம்ளர், பின்னால் அகல்விளக்கு. வெளிச்சம் விழுந்த விதத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நான் செய்திருந்தால் மூன்று நாள். நானும் பின்னணிக்கும் பழைய படங்களைத் தெளிவாக்கவும் ஏஐயைப் பயன்படுத்துகிறவள்தான்.

"அக்கா, படம் ஓகே. எழுத்தை மட்டும் சரி பண்ணிக் குடுங்க. எழுத்து மட்டும்தானே, என்ன வரும்?"

பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ் மாதிரியே இருந்தது. ‘அண்ணா’ என்ற கடைப் பெயரில் ணகரத்துக்கு நாலு சுழி. பக்கத்தில் இருந்த இன்னொரு எழுத்து தமிழ், மலையாளம் இரண்டிலும் சேராத ஏதோ ஒன்று. சுழியை எண்ணிக் காட்டினேன். அவருக்கும் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிரித்துவிட்டார்.

எழுத்தை முழுக்க அழித்து, தட்டின் விளிம்பு வளைவுக்கு ஏற்ப புதிதாக வரைந்தேன். அச்சுக்கு ஒன்று, வாசல் போர்டுக்கு ஒன்று, போனில் அனுப்ப ஒன்று என மூன்று அளவு. அச்சுப் பிரதியில் முகவரி கறுப்பு பிளேட்டில் மட்டும். 4,500 ரூபாய் என்று பில் எழுதி, விவரம் என்ற இடத்தில் "சுழி திருத்தம்" என்று போட்டேன். பாதியை அங்கேயே ஜிபேயில் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.